பெயர் தெரியாதவர்களின் படங்களைச் சேர்த்த அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிச் செல்லும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை வணக்கத்துடன் எழுதுவது.

அக்காவைப் பற்றி எழுதும்படி என் மகன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் 'அன்பே உருவானவர்', 'பண்பின் சிகரம்' என்றுதான் வருகிறது. மற்றவர்கள் வீட்டு மலர்களில் படித்த வார்த்தைகள். அவை பொய்யில்லை. ஆனால் அக்காவைப் பற்றியவையும் இல்லை. அக்கா போன நாளிலிருந்து எனக்குள் எதுவும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. அதனால் அழகாக எழுத முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது லால்குடிக்குப் பக்கத்தில், எங்கள் அம்மா பிறந்த வீட்டில். அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை. அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினேழு, எனக்கு ஒன்பது. அந்த வருடமே அக்கா எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர்ந்தார். தினமும் காலையில் முதல் பஸ் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். படிப்பு முடிந்ததும் புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். அங்கே எல்லாருக்கும் அவர் 'எக்ஸ்ரே அக்கா'. என்னை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியதும், அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்ததும் அக்கா.

அக்காவுக்குக் கரூரில் திருமணம் நடந்தது. அது நிலைக்கவில்லை. பத்து மாதத்தில் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்து மறுநாளே வேலைக்குப் போனார். அதற்கு மேல் அதைப் பற்றி அக்கா யாரிடமும் பேசியதில்லை. நானும் எழுதப்போவதில்லை.

அந்தக் காலத்து எக்ஸ்ரே அறை இன்று போல் கம்ப்யூட்டர் வைத்தது அல்ல. பக்கத்தில் ஓர் இருட்டறை இருக்கும். சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும். பிலிமை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, அலசி, கிளிப் மாட்டிக் கொடியில் காயப் போட வேண்டும். அக்காவின் நகங்கள் எப்போதும் பழுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தாலும் ஒரு புளிப்பு வாடை போகாது. நான் அவரோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். எனக்கு அதுதான் அக்காவின் வாடை.

பழைய எக்ஸ்ரே பிலிமில் வெள்ளி இருக்கிறது என்று பழைய பொருள் வியாபாரிகள் வாங்கிப் போவார்கள். மருத்துவமனையிலிருந்து அப்படிக் கழித்த பிலிமை ஒப்படைக்க, ஒருமுறை அக்கா சத்திரம் அருகே ஒரு பழைய பொருள் கடைக்குப் போனார். கடையின் பின்பக்கம் வியாபாரியின் மனைவி ஒரு தொட்டியில் சோடா உப்புப் போட்டுக் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவாத அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கைக்கு அது தானாக வரும். கண்ணாடிக்குள் ஒரு பெண், மடியில் ஒரு குழந்தையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும். அந்தக் காலத்து நெகட்டிவ். பிலிம் வருவதற்கு முன் கண்ணாடியில்தான் படம் பிடித்திருக்கிறார்கள்.

"ஏங்க இதைக் கழுவுறீங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"நல்ல கண்ணாடிங்க. சாமி படத்துக்கு ஃபிரேம் போடுற கடையில கேக்குறாங்க. அழுக்கு போனாத்தான் எடுத்துப்பாங்க."

"இது அழுக்கு இல்லீங்க. ஆளு."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "செத்துப் போனவங்கதானே" என்றாராம். மூடிப் போன ஏதோ ஸ்டூடியோவிலிருந்து வந்த பெட்டி அது. கழுவாமல் மிச்சமிருந்தது முப்பத்தொன்று. அதைச் சேலை முந்தானையில் சுற்றி அக்கா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கழுவி முடித்திருந்த கண்ணாடிகள் பதினொன்று. அந்தப் பதினொரு பேர் யார் என்று அக்கா வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் திடீரென்று, "பதினோரு பேருடி" என்பார்.

மருத்துவமனைப் பெரிய டாக்டரின் அனுமதியோடு, வேலை முடிந்த பிறகு இருட்டறையிலேயே அந்தக் கண்ணாடிகளைத் தாளில் வைத்துப் படமாக்கினார். அங்கே தொடங்கியது. பிறகு முப்பது வருடம். பழைய புத்தகக் கடை, காலி செய்யும் வீடு, ஏலம், எங்கே பழைய படம் என்று கேள்விப்பட்டாலும் அக்கா போய்விடுவார். படம் சேர்ப்பவர்கள் ராஜாக்களையும் கோபுரங்களையும் வெள்ளைக்காரத் துரைகளையும் தேடுவார்கள். அக்கா அவற்றைத் தொட மாட்டார். பெயர் எழுதாத மனிதர்களின் படம் மட்டும்தான் வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் உறை, உறைக்குள் ஒரு தாள். தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவார். 'பெண். வயது முப்பது இருக்கலாம். கழுத்தில் வீக்கம், தைராய்டு. இடது தோள் தாழ்ந்திருக்கிறது, தண்ணீர்க் குடம் அந்தப் பக்கம் தூக்கியிருப்பார்.' 'ஆண் குழந்தை. கால் எலும்பு வளைந்திருக்கிறது. வெயில் படாமல் வளர்ந்த பிள்ளை.' எக்ஸ்ரே பார்ப்பதுபோல் படத்தைப் பார்த்தார். நகைகளைப் பற்றி எழுத மாட்டார். "நகை ஸ்டூடியோக்காரனோடதா இருக்கும். எலும்பு அவங்களோடது" என்பார்.

என் கணவர் காலமாகி, மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு, நான் புத்தூரில் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். அப்போதுதான் வரதன் சாரை எனக்குத் தெரிய வந்தது. அவரும் பழைய புகைப்படங்கள் சேர்ப்பவர். திருவரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர் சேர்ப்பது கோயிலும் ஆறும். மலைக்கோட்டையைக் காவிரிக்கு அந்தப் பக்கமிருந்து எடுத்த படம், முக்கொம்பில் அணையின் பழைய படம், இப்படி. ஞாயிற்றுக்கிழமை காலை பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இருவரும் பேசுவார்கள். நான் இரண்டு தடவை காபி கொடுப்பேன். எனக்கு அந்தப் பேச்சு விளங்காது. விளங்கிக்கொள்ளவும் நான் முயலவில்லை.

ஒருமுறை திருவரங்கத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வரதன் சார் அக்காவை அழைத்துப் போனார். அங்கே கோயில் படங்கள் பல இருந்தன. அவற்றை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றுக்கு அடியில், தடித்த அட்டையில் ஒட்டிய ஒரு படம் இருந்தது. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட, மிகப் பழைய படம். "இது உங்க சரக்கு. நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று அவரே அக்காவிடம் கொடுத்தார்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய தாது வருடப் பஞ்சத்தின்போது எடுத்த படம் அது. ஏழு பேர். தூணும் பூங்கொடியும் வரைந்த ஒரு திரைக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்து எடுத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு துண்டுத் துணி தவிர ஒன்றுமில்லை. விலா எலும்புகளை எண்ணலாம். ஏழாவது, நடுவில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் இருந்த குழந்தை.

அக்கா அந்தப் படத்தை லென்ஸ் வைத்து இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து, "அந்தக் குழந்தை உயிரோட இல்லைடி" என்றார்.

"தூங்குதோ என்னவோ" என்றேன்.

"அந்தக் காலத்துல ஒரு படம் எடுக்க ஏழெட்டு வினாடி ஆகும். அதுக்குள்ள அசைஞ்சா படம் கலங்கிடும். ஆறு பேரும் லேசா கலங்கியிருக்காங்க. மூச்சு விட்டா வயிறு அசையுமில்ல. தூங்குற குழந்தைக்கும் அசையும். இது ஒண்ணுதான் கல்லுல வெட்டுன மாதிரி தெளிவா இருக்கு."

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து நறுக்கினேன்.

அடுத்த வருடம் ஊரில் ஒரு கல்லூரி பழைய புகைப்படங்களின் கண்காட்சியை மூன்று நாள் நடத்த வரதன் சாரை அழைத்தது. அவர் அக்காவிடம் அந்தப் படத்தைக் கேட்டார். அக்கா மறுத்துவிட்டார்.

"இவங்க யாரும் படம் எடுக்கச் சொல்லி வரலை சார். கஞ்சிக்கு வந்தவங்கள உக்கார வெச்சு எடுத்திருக்கான். அவன் பாத்தது போதும்."

"மறைச்சு வெச்சா மட்டும் அவாளுக்கு நியாயம் கிடைச்சுடுமா? இந்த ஊர்ல இப்படி நடந்ததுன்னு யாருக்கும் தெரியவேண்டாமா?" என்றார் வரதன் சார்.

"முடியாது சார்."

அவர் அதோடு பேச்சை விட்டுவிட்டார். கண்காட்சியின் முதல் நாள் அக்கா போனார். நுழைந்ததும் எதிரில் அந்தப் படம். ஆறடி உயரத்துக்கு ஃபிளெக்ஸில் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அக்கா ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் எடுக்க உள்ளே போன நேரத்தில் வரதன் சார் தம் செல்போனில் அதைப் படம் பிடித்திருக்கிறார். மாணவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா சத்தம் போடவில்லை. காவலாளியிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, அந்த ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளும் திறந்தது முதல் மூடும் வரை. இரண்டாம் நாள் நான் தயிர்சாதம் எடுத்துப் போனேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி வந்து, "மேடம், கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், போட்டோ எடுக்கணும்" என்றாள்.

"யாரை எடுக்கணும்?"

"பின்னாடி இருக்கிறவங்களை."

"அந்த நடுவுல இருக்கிற அம்மாவோட வலது கையைப் பாத்தியாம்மா?"

அந்தப் பெண் பார்த்தாள். "ஏன் மேடம் கோணலா இருக்கு?"

"ஒடைஞ்சு, கட்டுப் போடாம தானா சேர்ந்திருக்கு. அந்தக் கையிலதான் குழந்தையைப் புடிச்சிருக்காங்க. வலிக்கும். ஆனா இடது கைக்கு மாத்தலை. ஏன்னு பாரு."

இடது கையால் அந்தத் தாய் குழந்தையின் தலையைத் தாங்கியிருந்தார். இனித் தாங்க வேண்டிய தேவை இல்லாத தலை. அதையும் அக்கா சொன்னார். அந்தப் பெண் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவளோடு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். மூன்று நாளில் எத்தனை பேரிடம் அக்கா இதைச் சொன்னாரோ தெரியாது. மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது.

வரதன் சார் மூன்று நாளும் வாசலருகிலேயே நின்றார். கிட்டே வரவில்லை. கடைசி நாள் மாலை, ஆட்கள் போன பிறகுதான் வந்தார்.

"நான் காட்டலேன்னா இந்தப் பசங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமா? நீங்களே மூணு நாளா சொல்லிண்டிருந்தேளே" என்றார்.

"எங்கிட்ட கேட்டிருக்கணும் சார்."

"கேட்டேனே. முடியாதுன்னுட்டேள்."

"கேக்குறதுன்னா அதுதான் சார். முடியாதுன்னு சொன்னா நின்னுடணும். அவங்கள எடுத்தவன் கேக்கலை. நீங்க கேட்டுட்டு எடுத்தீங்க. எது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரதன் சார் வரவில்லை.

இனி என்னைப் பற்றி எழுத வேண்டும்.

அந்தச் சண்டைக்குப் பிறகு அக்கா என்னோடு இருக்க ஆரம்பித்தார். அதுவரையும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆனால் இப்போது காய் வாங்க என்னோடு வந்தார். சாயங்காலம் டிவி பார்க்க என்னோடு உட்கார்ந்தார். ஒருநாள் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. படப் பெட்டிகளை அக்கா தொடவில்லை. அவர் முகம் வாடியிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அக்கா எனக்கே எனக்கென்று இருந்த மாதம் அது ஒன்றுதான்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதன் சார் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். கக்கத்தில் அந்த ஃபிளெக்ஸைச் சுருட்டி வைத்திருந்தார்.

"இருக்காளாம்மா? இதை அவாகிட்ட கொடுத்துடணும். கிழிச்சாலும் சரி, கொளுத்தினாலும் சரி. போன்ல இருக்கறதை அழிச்சுட்டேன். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா தூங்குறாங்க சார்" என்றேன்.

"அப்ப எழுந்தப்புறம் நான் வந்துட்டுப் போனேன்னு சொல்றேளா?"

"சொல்றேன் சார். அதை நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. பாத்தா மனசு கஷ்டப்படுவாங்க."

அவர் அதை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். உள்ளே வந்ததும், "யாருடி?" என்று அக்கா கேட்டார். "கேஸ் சிலிண்டர் போடுறவரு, வீடு மாறி வந்துட்டாரு" என்றேன்.

தீபாவளி கழிந்து இன்னொரு முறை வந்தார். அக்கா மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நிறுத்தி, லால்குடி போயிருக்கிறார் என்றேன். அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் சேலை தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. ஆறு வருடம்.

அந்த ஆறு வருடத்தில் அக்கா படங்களை வெளியே எடுத்தது குறைவு. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. பேச ஆள் இல்லாமல் போனதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். நாள் ஏற ஏறச் சொல்வது கஷ்டமானது. பிறகு அது சொல்லாத விஷயமாகவே ஆகிவிட்டது.

சிறுநீரகம் பழுதானதும் அந்த ஆறு வருடத்துக்குள்தான். கடைசி இரண்டரை வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா வேலை பார்த்த அதே மருத்துவமனையில், அவர் இருட்டறை இருந்த இடத்துக்கு நேர் மேல் மாடியில். இருட்டறை இப்போது சாமான் போடும் அறை. நான்கு மணி நேரம் படுத்திருக்கும்போது அக்கா வலியைப் பற்றிப் பேசியதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களின் கால் வீக்கத்தைப் பார்த்து, தண்ணீர் குறைக்கச் சொல்வார்.

கடைசி மாதத்தில் ஒருநாள், ஜன்னலைப் பார்த்தபடி, "வரதன் சார் இருக்காரோ, போயிட்டாரோ தெரியலை" என்றார்.

"இருப்பார்க்கா" என்றேன்.

அன்று வராந்தாவுக்கு வந்து வரதன் சாருக்குப் போன் செய்தேன். அக்காவின் நிலையைச் சொன்னேன். பிறகு, "சார், நீங்க வந்ததை அக்காகிட்ட நான் சொல்லவே இல்லை. ரெண்டு தடவையும்" என்றேன். அவர் "எந்த வார்டு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். எண்பதைத் தாண்டியிருந்தார். கையில் தடி. ஒரு காகிதத்தில் துளசி கொண்டு வந்திருந்தார். அக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். குழாய்கள் விடவில்லை.

"படுத்துக்கோங்கோ. எப்படி இருக்கேள்?"

"எக்ஸ்ரே நல்லா இல்லை சார்" என்று அக்கா சிரித்தார். நெடுநாள் கழித்து அந்தச் சிரிப்பை அன்று பார்த்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "கேக்காம எடுத்தது என் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா காட்டினது தப்புன்னு இன்னிக்கும் தோணலை. பொய் சொல்லப்படாது இல்லையா, அதனால சொல்றேன்."

"எனக்கும் அப்படித்தான் சார். அங்க மூணு நாள் உக்காந்தப்பவே தெரிஞ்சிடுச்சு. காட்டலாம். ஆனா நான் எழுதின தாளையும் சேர்த்துத்தான் காட்டணும். அந்தத் தாள் இல்லாம அந்தப் படம் எங்கயும் போகக் கூடாது. நீங்க பாத்துக்குங்க."

"ஆகட்டும்."

பிறகு அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"ஏன் சார், ஆறு வருஷத்துல ஒரு தடவை வந்து பாப்போம்னு தோணவே இல்லையா?"

வரதன் சார் நிமிர்ந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கையில் பிளாஸ்க் வைத்திருந்தேன். அந்த நொடியில் நான் பேசியிருக்கலாம். வாயைத் திறந்தேனா என்றுகூட இப்போது ஞாபகமில்லை.

"தோணலை" என்றார் வரதன் சார். "வீம்பு. என்னோட தப்புதான்."

அக்கா தலையை ஆட்டினார். "நானும் வந்திருக்கலாம் சார். பஸ்ஸு அந்தப் பக்கமும் போகுதே" என்றார்.

நான்காம் நாள் காலை அக்கா காலமானார். காபி கேட்டார். நான் வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். நர்ஸ் விளக்கை அணைத்தார். நான் காபியைக் குடித்தேன். ஆறிப்போகுமே என்று தோன்றியது. பிறகு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டேன். போர்வையை நான்காக மடித்தேன். ஓயாமரிச் சுடுகாட்டில் என் மகன் கொள்ளி வைத்தான். எல்லாரும் என்னைப் பிடித்துக்கொள்ள ஆள் நிறுத்தியிருந்தார்கள். தேவைப்படவில்லை. "அழுதுடுங்க சித்தி, அழுதாத்தான் நல்லது" என்று உறவுப் பெண்கள் சொன்னார்கள். அவர்களுக்காகவாவது அழப் பார்த்தேன். வரவில்லை.

அக்காவின் படங்களையும் கண்ணாடிகளையும் ஒரு கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அதன் தாளோடு சரிபார்க்க வேண்டும். வரதன் சார் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். எட்டு மாதம். அவர் படத்தைப் பிடித்துக்கொள்வார். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் தாளை நான் படிப்பேன். 'ஆண். வயது அறுபது. பல் இல்லை. சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், சிரிக்கவில்லை.' நூற்றுக்கணக்கான தாள்கள். அக்காவின் எழுத்தை வாய்விட்டுப் படித்துப் படித்து, அவர் என்ன பார்த்தார் என்பது எனக்கு விளங்க ஆரம்பித்தது. பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தபோது கேட்டிருந்தால் அக்காவே சொல்லியிருப்பார்.

ஏழு பேர் படத்தின் உறையை முத்திரையிட்டு, அக்காவின் தாளை அதன் அட்டையிலேயே சேர்த்துத் தைக்கச் செய்தோம். கேட்பவர்களுக்கு நூலகம் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கும். எழுத்து மூலம் வாங்கியிருக்கிறோம்.

ஆடி அமாவாசையன்று அம்மா மண்டபப் படித்துறையில் என் மகன் அக்காவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. கூட்டம் இடித்தது. வரதன் சாரும் வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே வைத்துத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நீங்க வந்தீங்கன்னு அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்களே."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சந்தோஷப்பட்டிருப்பா. வாஸ்தவம்தான். ஆனா வந்தேன்னு சொன்னா யார் தடுத்தான்னு கேப்பாளே. அவாளுக்கு அப்போ மிச்சம் இருந்தது நாலஞ்சு நாள், ஒரு தங்கை. நான் சிநேகிதன்தானே. என்னை இழந்தா பரவாயில்லை."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. என் மகன் ஈர வேட்டியோடு ஏறி வந்து, "போலாமாம்மா" என்றான். மூவரும் எழுந்தோம்.

இந்தப் பகுதியை மலரில் போட வேண்டுமா என்று மகன் கேட்டான். "பெரியம்மாவைப் பத்தித்தானேம்மா எழுதச் சொன்னேன்" என்றான். இதை விட்டுவிட்டால் மலரே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டரை வருடம் அக்காவின் கையில் ஊசி குத்தும்போதெல்லாம், வலிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கு என் நன்றி. ஒரு முறைகூடத் தாமதிக்காமல் வாசலில் ஆட்டோவைக் கொண்டு வந்து நிறுத்திய, எங்கள் தெரு முனை ஓட்டுநருக்கு நன்றி. அக்காவின் காரியம் முடியும் வரை பத்து நாளும் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், லால்குடியிலிருந்தும் கரூரிலிருந்தும் வந்து நின்ற உறவினர்களுக்கும் நன்றி. கரூரிலிருந்து வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார்கள். அக்கா சார்பில் கும்பிடுகிறேன். படங்களை ஏற்று, நல்ல அலமாரியில் வைத்திருக்கும் நூலகத்தாருக்கு நன்றி.

வரதன் சாருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சொல்ல வேண்டியது வேறு. அவருக்கு அக்காவை வந்து பார்க்கத் தோன்றவில்லை என்பது பொய். அவர் வந்தார். இரண்டு முறை வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே விடாதவள் நான். அக்காவிடம் சொல்லாமல் போனதை, அக்காவை அறிந்த உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.